தன்னம்பிக்கையால் மீன் தெரியாது

போன மாதம் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. சிறப்புப் பேச்சாளர் பெரிய திரையில் ஒரு படத்தைப் போட்டார். நான்கு கைகால்களும் இல்லாத ஒரு வெள்ளைக்காரர் கடல் அலைக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தார். "கை இல்லை, கால் இல்லை. ஆனாலும் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தார். எதனால் கடந்தார்?" என்று கேட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிள்ளைகள் பக்கம் நீட்டினார். "தன்னம்பிக்கை!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். "தடை உடம்பில் இல்லை, மனதில்தான் இருக்கிறது" என்று சொன்னார். சொல்லிவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்த படத்துக்குப் போனார்.

என் பக்கத்தில் குரோம்பேட்டை நண்பர் உட்கார்ந்திருந்தார். குழந்தைப் பருவத்தில் போலியோ வந்து இடது கால் சூம்பியவர். காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறார். சாதனையாளர் என்று பொன்னாடை போர்த்த அவரை அழைத்திருந்தார்கள். அழைத்தவர்கள் மேடைக்குக் கைப்பிடி இல்லாத படிகளைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு ஆசிரியர்கள் கைத்தாங்கலாகப் பிடிக்க, வியர்த்து விறுவிறுத்து அவர் ஏறினார். "பாருங்கள் குழந்தைகளே, எப்படி ஏறி வருகிறார்!" என்றார் பேச்சாளர். மறுபடியும் கைதட்டல். ஒரு சாய்தளம் போட்டிருந்தால் அந்த மனிதர் மரியாதையாக நடந்து வந்திருப்பார். கைதட்டத்தான் எதுவும் இருந்திருக்காது.

மனம் வைத்தால் எதுவும் முடியும் என்ற இந்த நம்பிக்கை நம் ஊரில் வேப்பமரத்தைவிட அதிகமாக வேர் விட்டிருக்கிறது. பாடப் புத்தகத்தில், ஆட்டோவின் முதுகில், காலை வாட்ஸாப்பில், அமைச்சர் பேச்சில், எங்கே பார்த்தாலும் இதுதான். இது பொய் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. நான் சொல்கிறேன். இது பொய். உடல் குறை உள்ளவர்களைப் பற்றிச் சொல்லும்போது இது கொடுமையான பொய்.

அந்த வெள்ளைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஃபிலிப் க்ருவாசோன். 1994-இல் வீட்டுக் கூரையில் டி.வி. ஆன்டெனாவைக் கழற்றும்போது உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்து நான்கு கைகால்களையும் இழந்தவர். 2010 செப்டம்பரில் சுமார் பதிமூன்றரை மணி நேரம் நீந்தி கால்வாயைக் கடந்தார். 2013-இல் பிரஸ்ஸல்ஸில் உள்ள நீமோ 33 என்ற ஆழக் குளத்தில் ஸ்கூபா கட்டிக்கொண்டு 33 மீட்டர் கீழே இறங்கினார். எல்லாம் உண்மை. பேச்சாளர் விழுங்கியது என்ன தெரியுமா? அவர் தொடையில் மாட்டியிருந்த செயற்கைக் கால்களையும் அவற்றின் நுனியில் பொருத்திய துடுப்புகளையும். அவை அவருடைய உடம்புக்கென்றே செய்தவை. அவற்றோடு இரண்டு வருடப் பயிற்சி. அந்தத் துடுப்பைக் கழற்றிவிட்டு அதே மனிதரை அதே மனவுறுதியோடு டோவர் கடலில் இறக்கிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கவே மாட்டார்கள். துடுப்பைப் பற்றிப் பேசினால் பேச்சு சப்பென்று ஆகிவிடும்.

நான் கண்ணாடி போட்டவன். மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவர் மனைவியா மாமியாரா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். நான் நீலாங்கரையிலிருந்து கடலுக்குப் போய் ஸ்கூபா இறங்கியிருக்கிறேன். பவர் போட்ட மாஸ்க் கேட்டேன். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி வைத்த மாஸ்க்கில் அதைக் கழற்றிவிட்டு நம் பவருக்கு ஏற்ற கண்ணாடியைப் பதிக்கலாம். அரை அரைப் பவர் வித்தியாசத்தில் ஆயத்தமாகவே விற்கிறார்கள். மாட்டிக்கொண்டு இறங்கினேன். மீன் தெரிந்தது. அவ்வளவுதான். மேலே வந்ததும் யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. பார்வைக் குறையை வென்ற வீரர் என்று எந்தப் பள்ளியும் அழைக்கவில்லை. டைவிங் ஆட்களும் "சார், மனசு வெச்சா கண்ணு தானா தெரியும்" என்று சொல்லவில்லை. பவர் எவ்வளவு என்று கேட்டார்கள், மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்கள்.

அதே இடத்தில் அதே ஆட்களிடம் கால் சூம்பிய ஒருவர் போய் நின்றால் மட்டும் ஏன் பேச்சு மனசுக்குத் தாவுகிறது? என் கண்ணுக்குக் கண்ணாடி. அவர் காலுக்கு மட்டும் தன்னம்பிக்கையா? என் குறையை அளந்து பொருள் கொடுத்த கை, அவர் குறையை அளக்க ஏன் எழவில்லை?

அந்தப் பேச்சாளருக்கும் இதையேதான் கேட்கிறேன். ஐயா, மேடையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டினீர்களே, அது எதற்கு? தடை மனதில்தான் இருக்கிறது என்றால் கண்ணாடி இல்லாமல் அந்தத் திரையைப் படித்துக் காட்டியிருக்கலாமே?

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். கடலுக்குள் இறங்கிவிட்டால் உடல் குறை இல்லாதவர் என்று யாருமே கிடையாது. மனிதக் கண்ணின் குவிக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்புற வளைவில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் அந்தச் சக்தி போய்விடுகிறது. மாஸ்க் இல்லாமல் நீருக்குள் கண் விழித்தால் கழுகுப் பார்வை உள்ளவருக்கும் எல்லாம் கலங்கல்தான். கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்றை நிறுத்தி வைக்கத்தான் மாஸ்க். அப்போதும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், நீரில் 1,500 மீட்டர் போகும். அதனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும். மூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பார்வை இல்லை, திசை கேட்காது, சூடு நிற்காது, மூச்சு விட முடியாது. ஒலிம்பிக் வீரரானாலும் கடலுக்கடியில் நிலைமை இதுதான். மாஸ்க், மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர், சூடு காக்கும் வெட்சூட், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் என்று அவர் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொன்றும் ஊன்றுகோல்தான். ஆளுக்கொரு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், இன்னொருவர் கொஞ்சம் வேறு மாதிரி ஊன்றுகோல் கேட்டால் மட்டும் அவருக்குத் தத்துவம் சொல்கிறார்கள்.

இந்த ஸ்கூபாவைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஜாக் கூஸ்தோ, பிரெஞ்சுக் கடற்படைக்காரர். விமானியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர் 1936-இல் கார் விபத்தில் சிக்கி இரண்டு கைகளும் முறிந்து, விமானி ஆகும் கனவை விட்டவர். கைகளைத் தேற்றுவதற்காக மத்தியதரைக் கடலில் நீந்தினார். நண்பர் ஒருவர் நீச்சல் கண்ணாடி கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. ஏழு வருடம் கழித்து, 1943-இல், எமீல் கான்யான் என்ற பொறியாளரோடு சேர்ந்து அக்வாலங் என்ற மூச்சுக் கருவியைச் செய்தார். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவில் ஓட்டிய கார்களுக்காகக் கான்யான் செய்து வைத்திருந்த வால்வுதான் அதற்கு அடிப்படை. முறிந்த கை, கண்ணாடி, கார் வால்வு. கூஸ்தோவுக்கு மனவுறுதி இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனவுறுதியை மட்டும் வாயில் கடித்துக்கொண்டு அவர் கீழே போகவில்லை. நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த பரதவர்களும் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றித்தான் இறங்கினார்கள். சங்கு குளிப்பவர்கள் அலுமினியத் தகட்டைத் துடுப்பாகக் காலில் மாட்டியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர் கருவியைக் கேவலமாக நினைப்பதில்லை. மேடையில் பேசுபவர்தான் நினைக்கிறார்.

என் குரோம்பேட்டை நண்பருக்குக் கடலுக்கடியில் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோட்டில் ஏறி துரைப்பாக்கம் போய் ஈ.சி.ஆரைப் பிடித்தால் கடல். தூரம் ஒன்றுமில்லை. ஒரு டைவிங் நிலையத்தில் போய்த் தன் காலைக் காட்டி, தனக்கு எந்த மாதிரி ஃபின் சரியாக வரும் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் சொன்ன பதில்: "அண்ணே, மனசுல தைரியம் இருந்தா போதும்ணே. மீதிய நாங்க பாத்துக்குறோம்." பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். எல்லோருக்கும் கொடுக்கும் ஒரே சைஸ் ஃபின் இரண்டைக் கொடுத்தார்கள். வலது காலுக்கு எட்டு, இடது காலுக்கு நான்கு என்று செருப்பு போடுகிற மனிதர் அவர். படகிலிருந்து இறங்கியதும் இடது ஃபின் கழன்று போய்விட்டது. வலது காலை மட்டும் உதைத்ததில் உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்றது. சூம்பிய காலில் வெட்சூட் தொளதொளவென்று தண்ணீரை வாரிக்கொண்டது. தலை கீழே, கால் மேலே. சில நிமிடத்தில் மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "பரவால்லண்ணே, ட்ரை பண்ணீங்களே, அதுவே பெருசு" என்றார்களாம். பயந்துவிட்டார், மனசு போதவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. வீட்டுக்கு வந்து அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று சொல்கிறேன், கேளுங்கள். எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்.

காலை முழுக்க நுழைக்கும் ஃபின் அவருக்கு ஆகாது. குதிகால் திறந்த, பின்னால் வார் வைத்த ஃபின் வேண்டும். அதற்குள் ஆளுக்கேற்ற பூட்டி, அதாவது ரப்பர் காலுறை. பூட்டியை இரண்டு சைஸில் வாங்கலாம், சிறிய காலுக்கு உள்ளே தடித்த சாக்ஸ் போட்டு நிரப்பலாம். வார் ஸ்பிரிங்கால் ஆனதாக இருந்தால் தானே இறுகும், கழலாது. இரண்டு ஃபினும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. பலமுள்ள காலுக்குப் பெரிய தகடு, பலமில்லாத காலுக்கு வளைந்து கொடுக்கும் சிறிய தகடு. அதுவும் சரிப்படாவிட்டால் ஒரே ஒரு ஃபின், இரண்டு கையிலும் வாத்துக்கால் மாதிரி சவ்வு வைத்த கையுறை. தசை குறைந்த கால் மிதக்கும். கணுக்காலில் அரைக்கிலோ எடையைக் கட்டினால் கீழே நிற்கும். மீதி எடையை இடுப்பில் எங்கே வைப்பது, இடப்பக்கம் கொஞ்சம் கூட்டுவதா என்பதை நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். வெட்சூட்டை அந்தக் காலில் பிடித்துத் தைக்க வேண்டும், தளர்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உடம்பைக் குளிரவைக்கும். காலிப்பரைக் கடலுக்குள் கொண்டுபோகக் கூடாது. உப்பு நீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், தோல் வார் விறைக்கும். படகில் கழற்றி வைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தபடி பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கலாம். நிற்கவே தேவையில்லை. நிரப்பிய அலுமினிய சிலிண்டர் பதினேழு கிலோ இருக்கும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு மணலில் நடக்கச் சொல்வது மடத்தனம். தண்ணீரில் மிதந்தபடியே மாட்டிக்கொள்ளலாம், தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறலாம்.

இதில் மனசு எங்கே வருகிறது? அளவு நாடா வருகிறது, ஊசி நூல் வருகிறது, எடைக் கட்டி வருகிறது, பொறுமையாக ஒரு குளத்தில் கழிக்கும் ஒரு பொழுது வருகிறது. என் மைனஸ் ஆறுக்குக் கண்ணாடி தேடி எடுத்த அதே அக்கறையை அந்தக் காலுக்கும் காட்டியிருந்தால் போதும்.

வேறு குறை என்றால் வேறு கணக்கு. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குப் பாறையோ பவளமோ காலைக் கிழித்தால்கூடத் தெரியாது. முழுக்கால் வெட்சூட்டும் பூட்டியும் அவருக்குக் கட்டாயம். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்க முழங்காலில் ஒரு பட்டை, நீளமான ஜிப் வைத்த சூட், கையால் இழுத்துப் போக சவ்வுக் கையுறை அல்லது பேட்டரியில் ஓடும் நீரடி ஸ்கூட்டர். நெஞ்சுக்கு மேலே அடிபட்டவருக்கு உடம்புச் சூடும் ரத்த அழுத்தமும் சட்டென்று தடுமாறும். டாக்டர் பார்க்காமல் இறக்கக் கூடாது. ஒரு கை மட்டும் உள்ளவருக்கு மிதவை ஜாக்கெட்டில் காற்று ஊதும் பொத்தான் அந்தக் கைப் பக்கம் இருக்க வேண்டும், எடையைக் கழற்றும் கொக்கி அந்தக் கைக்கு எட்ட வேண்டும். கையே இல்லாதவர் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்து ஊத முடியாது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கில் மூக்கை அடைக்கும் அமைப்பு உண்டு. பார்வை இல்லாதவருக்குத் தொட்டுச் சொல்லும் சைகைகளும் ஒரு கயிறும். செயற்கைக் கால் உள்ளே கூடாக இருந்தால் காற்று அடைபட்டு மிதக்கும். தண்ணீர் புகுந்து வெளியேற ஒரு துளை வேண்டும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று மீட்டரைப் படிக்க மாஸ்க்கின் கீழ்ப்பாதியில் ப்ளஸ் கண்ணாடி ஒட்ட வேண்டும். கவனியுங்கள், வெள்ளெழுத்துக்காரரிடம் யாரும் மனசைப் பற்றிப் பேசுவதில்லை.

காது கேளாதவர்கள் நம்மைவிட மேல். நாமெல்லாம் கடலுக்குள் "சரி", "மேலே போ", "காற்று தீர்ந்தது" என்று பத்துப் பதினைந்து கைச்சாடையோடு ஊமையாகத் திரும்புகிறோம். அவர்கள் இருபது மீட்டர் ஆழத்தில் நின்று சைகை மொழியில் ஊர்க்கதை பேசுவார்கள். அந்த இடத்தில் குறை யாருக்கு?

உலகத்தில் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் ஜிம் கேட்டக்கர் 1981-இல் தொடங்கிய ஹேண்டிகேப்ட் ஸ்கூபா அசோசியேஷன், ஆளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. முதல் தரம், எல்லோரையும் போல ஒரு துணையோடு இறங்கலாம். இரண்டாவது, இரண்டு துணை. மூன்றாவது, இரண்டு துணையில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். உன்னால் உன்னைக் காத்துக்கொள்ள முடியுமா, கூட வருபவரைக் காக்க முடியுமா என்று செய்து பார்த்துத் தரம் போடுகிறார்கள். மனவுறுதிக்கு மதிப்பெண் இல்லை. இங்கிலாந்துக் கலைஞர் சூ ஆஸ்டின் 2012-இல் தன் சக்கர நாற்காலியையே கடலுக்குள் ஓட்டினார். மிதவைகளும் மோட்டாரும் காலால் திருப்பும் பிளாஸ்டிக் துடுப்பும் பொருத்திய நாற்காலி. படம் பார்த்தவர்கள் எல்லாம் அவர் முகத்துப் புன்னகையைப் பேசுகிறார்கள். நாற்காலியைப் பொருத்திய ஆட்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

நம் ஊரில் பரதக் கலைஞர் சுதா சந்திரனுக்கும் இதுதான் நடந்தது. 1981-இல் திருச்சி பக்கம் பேருந்து விபத்தில் கால் போய், மறுபடி பரதம் ஆடினார். 1985-இல் அவர் கதையை வைத்து 'மயூரி' என்ற படம் வந்தது, அவரே நடித்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடமாக அவர் பெயரைச் சொல்லி எத்தனை மேடை! அந்த மேடைகளில் ஒன்றிலாவது ராம்சந்திர சர்மா என்ற பெயர் விழுந்திருக்குமா? அதிகம் படிக்காத கைவினைஞர். ஜெய்ப்பூரில் டாக்டர் பிரமோத் கரண் சேத்தியோடு சேர்ந்து 1968-இல் ரப்பர் பாதத்தைச் செய்தவர். அதுவரை வந்த வெளிநாட்டுச் செயற்கைக் கால் ஷூவுக்குள் நுழைப்பதற்கென்று செய்தது. சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்றில் வைத்தால் கெட்டுப்போகும். நம் விவசாயி வெறுங்காலோடு வயலில் இறங்குவான் என்று யோசித்துச் செய்த பாதம் ஜெய்ப்பூர் பாதம். அது வளைந்ததால்தான் சுதா சந்திரனின் தட்டடவும் நாட்டடவும் மேடைக்குத் திரும்பின. அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பாதத்தை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் காட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

பாதம் என்றதும் இன்னொன்று வாயில் வருகிறது. நம் பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரம் தோலுக்குப் பேர் போனது. 1912-இலேயே குரோம் லெதர் கம்பெனி வந்த ஊர் இது, நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலைகள் இன்றும் இருக்கின்றன. இங்கே பிறந்து வளர்ந்த என் நண்பர் நாற்பது வருடமாக ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி செருப்பு வாங்குகிறார். எட்டில் ஒரு ஜோடி, நான்கில் ஒரு ஜோடி. ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். எட்டில் வலதும் நான்கில் இடதும் சேர்த்து ஒரு ஜோடியாகக் கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார். "மாற்றுத்திறனாளி" என்று மரியாதையாக அழைக்கக் கற்றுக்கொண்ட ஊர், அவருக்கு ஒரு ஜோடி செருப்பு விற்கக் கற்றுக்கொள்ளவில்லை. தலைவர் பிறந்த நாளில் நலத்திட்ட உதவி என்று வரிசையாக நிறுத்திக் கொடுக்கிறார்களே சக்கர நாற்காலி, அதில் ஆறடி ஆளுக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே அளவு. அந்தப் பெண் அதில் உட்கார்ந்தால் கை சக்கரத்துக்கு எட்டாது, முதுகு கூனிவிடும். போட்டோ எடுத்ததும் நாற்காலி மாடிப்படிக்குக் கீழே போய்விடும். இத்தனைக்கும் கிண்டியில் ஐ.ஐ.டி. வளாகத்தில் உடலை அளந்து அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் நியோஃப்ளை நாற்காலியை உருவாக்கியிருக்கிறார்கள். பல்லாவரத்திலிருந்து கூப்பிடு தூரம்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் செயற்கைக் காலுக்கும் ஐந்து சதவீதம் வரி போட்டார்கள். நடப்பதற்கு வரி! 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முப்பதாவது பிரிவில் விளையாட்டு வசதிகளை இவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க வேண்டும், அதற்கான தொழில்நுட்பத்தை வளர்க்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு ஒரு இடத்திலும் தன்னம்பிக்கையை வளர்க்கச் சொல்லவில்லை, சாமானைத்தான் கேட்கிறது. மெரினாவில் சக்கர நாற்காலிகள் கடல் அருகே போகப் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2022 நவம்பர் கடைசியில் மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் அந்தச் சில நாளில் அங்கே போய் முதல்முறை அலையில் கால் நனைத்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய வருடங்களில் அவர்களுக்கு மனசு இல்லாமல் போயிருந்ததா? பலகைதான் இல்லாமல் போயிருந்தது.

இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு பிரியமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதற்குக் காசு ஆகாது. சாய்தளம் கட்ட சிமென்ட் வேண்டும், இரண்டு சைஸ் பூட்டி வாங்கப் பணம் வேண்டும், பயிற்றுநரைப் படிக்க அனுப்ப நாள் வேண்டும். தன்னம்பிக்கையை மட்டும் ஓசியில் அள்ளிக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அவர் தோற்றால், குற்றமும் அவருடையதே. மனசு போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கைகழுவலாம். மேடைக்குப் படி வைத்தவர் தப்பித்தார், தப்பான ஃபின் கொடுத்தவர் தப்பித்தார், ஏறமுடியாமல் திரும்பிப் போனவர் மட்டும் கோழை. ஏற்கெனவே குறையோடு இருப்பவர் தலையில் இன்னொரு குறையையும் கட்டிவிடுகிற வேலை இது.

டைவிங் நிலையம் நடத்துகிறவர்களே, உங்கள் அலமாரியில் பவர் மாஸ்க் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சவ்வுக் கையுறை இரண்டு ஜோடி, கணுக்கால் எடை, ஸ்பிரிங் வார் வைத்த ஃபின் எல்லா சைஸிலும், சின்ன அளவு பூட்டி, முழு முக மாஸ்க் ஒன்று வாங்கி வையுங்கள். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருவரையாவது இதற்கென்று உள்ள பயிற்சிக்கு அனுப்புங்கள். பணம் வீணாகாது. போலியோவிலும் விபத்திலும் சர்க்கரையிலும் கால் போனவர்கள் இந்தப் புறநகரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் வருகிறது, ஆசை இருக்கிறது.

உடல் குறையோடு கடலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கட்டுவதற்கு முன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வலிப்பு, நுரையீரல் கிழிசல், இதயக் கோளாறு இருந்தால் அவர் சொல்வதே முடிவு. பிறகு டைவிங் நிலையத்தில் கேளுங்கள். என் காலுக்கு எந்த ஃபின்? எடையை எங்கே கட்டுவீர்கள்? என் கைக்குப் பொத்தான் எட்டுமா? படகில் எப்படி ஏற்றுவீர்கள், எப்படி இறக்குவீர்கள்? முதலில் குளத்தில் எவ்வளவு நேரம்? என்னோடு எத்தனை பேர் இறங்குவார்கள்? இதில் ஒரு கேள்விக்காவது "மனசு இருந்தா போதும்ணே" என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.